பத்தாவது ஆள்

கட்சிக்காரன் தேர்தலில் நின்றால் அவனை முன்மொழிய ஓர் ஆள் போதும். கட்சி இல்லாதவள் நின்றால் பத்து ஆள் வேண்டும். அந்தப் பத்துப் பேருக்கும் அதே தொகுதியில் ஓட்டு இருக்க வேண்டும். சட்டம் அப்படி. அதை எழுதின மகராசன் பனியன் கம்பெனி ஜனம் குடியிருக்கிற வேலாங்காட்டுப்பாளையம் லைன் வீடுகள் பக்கம் ஒரு நாளாவது வந்து டீ குடித்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டான்.

விஜயராணி இதை விசாரித்துக்கொண்டு வந்த அன்று சிரித்தாள்.

"பத்துப் பேராமே! நான் பேறு பாத்த பிள்ளையள்ல ஓட்டு வயசு வந்ததுவள மட்டும் கூட்டிட்டுப் போனாலே ரெண்டு பஸ் வேணும்."

அவள் புருஷன் ஜெபக்குமாரும் கூடச் சேர்ந்து சிரித்தான். அன்றைக்கு அவன் சிரிப்பதற்குப் பதிலாக வாயைத் திறந்து ஒரு உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நூறு அடுக்குத் துணியை ஒரு நூல் பிசகாமல் வெட்டத் தெரிந்த மனுஷன்தான். பெண்டாட்டியிடம் ஒரு சேதியை நேரத்தில் சொல்லத் தெரியாது.

அவன் கட்டிங் மாஸ்டர். நாசரேத் பக்கத்துத் தேரிக்காட்டு ஊரிலிருந்து இருபது வயதில் பனியன் கம்பெனிக்கு வந்தவன், இப்போது ஐம்பத்து மூன்று. விஜயராணி அவனைக் கட்டிக்கொண்டு, செவிலியர் படிப்பு முடித்து, அரசாங்க வேலையும் வாங்கி, இந்த வட்டாரத்துக்கே கேட்டு வந்து இருபத்தாறு வருஷம். முதலில் கிராம சுகாதார செவிலியர். கடைசியில் ஆறு துணைச் சுகாதார நிலையங்களைப் பார்த்துக்கொள்ளும் பகுதிச் செவிலியர். தடுப்பூசி நாளில் மொபெட்டில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவள் வந்தால், சட்டை போடாத பிள்ளைகள் அத்தனையும் சோளக்காட்டுக்குள் ஓடி ஒளியும். அவளும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காட்டுக்குள் இறங்கி ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வருவாள். காட்டு வேலைக்காரர்களுக்கும் கம்பெனிக்காரர்களுக்கும் அவள் நர்சம்மா.

வேலாங்காட்டுப்பாளையம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு பிரசவ அறை இருந்தது. இருந்தது என்ன, இப்போதும் இருக்கிறது. மூன்று வருஷமாகப் பூட்டி இருக்கிறது. முதலில் ஆள் பற்றவில்லை என்று பூட்டினார்கள். ஆள் கேட்டு விஜயராணி எழுதிப் போட்டாள். இந்த நிலையத்தில் பிரசவ எண்ணிக்கை ரொம்பக் குறைவு, ஆகவே ஆள் தர முடியாது என்று பதில் வந்தது. பூட்டின அறைக்குள் எந்தப் பெண்ணய்யா போய்ப் பிள்ளை பெறுவாள்? அதைக் கேட்டும் எழுதினாள். அதற்குப் பதிலே வரவில்லை.

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு தேவிப்பிரியாவுக்கு இடுப்புவலி கண்டது. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், இருபது வயது, ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தவள். பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, அடுத்த வாரம் ஊருக்குப் போகலாம் என்று இருந்தாள். கம்பெனியிலிருந்து சுகாதார நிலையம் கூப்பிடு தூரம். நடத்தியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அறை வாசலில் பூட்டு தொங்கியது. சாவி மேலாபீஸில். விஜயராணி போன் போட்டு, "பூட்டை உடைச்சிரட்டுமா சார்?" என்று கேட்டாள். "உடைச்சா சஸ்பெண்ட். ஆம்புலன்ஸ்ல ஏத்தி டவுனுக்கு அனுப்புங்க" என்றார்கள்.

அனுப்பினாள். தானும் ஏறினாள். ரயில்வே கேட்டில் முன்னாலும் பின்னாலும் கன்டெய்னர் லாரிகள். கேட் திறப்பதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. பையன். அழவில்லை. அவளும் வாயில் வாய் வைத்து ஊதி ஊதிப் பார்த்தாள். அழவே இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு மாசம் அவள் வாயில் ஒரே பேச்சுதான். பாத்திரம் விளக்கும்போது சொல்வாள், கூந்தல் வாரும்போது சொல்வாள்: "பூட்டை ஒடைச்சிருக்கணும். நான் ஒரு மடச்சி." அப்புறம் ஒரு நாள், அந்தச் சாவியை வாங்குகிற இடம் எது என்று கேட்க ஆரம்பித்தாள். எல்லோரும் சொன்னது, எம்.எல்.ஏ. மனது வைத்தால் ஆகும். அவர் மனது வைத்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. அவள் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, "நானே நிக்கப் போறேன்" என்றாள்.

முதல் பத்துக் கையெழுத்து கால் மணி நேரத்தில் கிடைத்தது. மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் கம்பெனி கேட்டில் போய் நின்றாள். செக்கிங் பார்க்கிற அருண்பாண்டி முதல் ஆளாகப் போட்டான். பின்னாலேயே ஒன்பது பேர் போட்டார்கள். கை கழுவாமல் வந்து போட்டதில் ஒரு தாளில் சாம்பார்கூட ஒட்டியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு தேர்தல் அலுவலகத்துக்குப் போனாள். விசாரணை மேசையில் ரத்தினசாமி என்று ஒரு குமாஸ்தா. நல்ல மனுஷன், தன்மையாகப் பேசுகிறவர்.

"ஏனுங்கம்மா, இவங்களுக்கெல்லாம் ஓட்டு எங்கீங்க இருக்குது?"

அதைக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்தால், அருண்பாண்டி வெள்ளந்தியாகச் சொல்கிறான்: "ஓட்டா? அது ஊர்லல்லா இருக்கு!"

பத்துப் பேரும் அப்படியே. பன்னிரண்டு வருஷம், பதினெட்டு வருஷம் இங்கே இருக்கிறார்கள். பிள்ளைகள் இங்கே படிக்கின்றன. கேஸ் இங்கே, ரேஷன் இங்கே. ஓட்டு மட்டும் கயத்தாற்றிலும் சாத்தான்குளத்திலும். ஓட்டு நாளில் ரெண்டு நாள் லீவு போட்டுவிட்டு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஊருக்குப் போய், மாமனுக்கோ மச்சானுக்கோ குத்திவிட்டு, ஒரு கறிச்சோறும் தின்றுவிட்டு வருகிறார்கள். அதில் ஒரு மிதப்பு. இங்கே வேலை, அங்கேதான் நாம் யாரோ.

"ஏம்ல, பூட்டின ரூமு இங்க இருக்கு. நீ அங்க போயி ஓட்டுப் போட்டா எவன் வந்து தொறப்பான்?" என்று விஜயராணி ஏசினாள்.

அருண்பாண்டி தலையைச் சொறிந்தான். "ஊர்ல பேரு இல்லைன்னா நம்மள யாருன்னு கேப்பாவள்லாக்கா."

நாலைந்து பேர் ஓட்டை இங்கே மாற்றியவர்களும் இருந்தார்கள். அவர்கள் பெயரைப் போய்ப் பார்த்தால் பட்டியலிலேயே காணோம். பட்டியல் சரிபார்க்க வந்தவர்கள் பகல் பதினொரு மணிக்கு லைன் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். பகல் பதினொரு மணிக்கு அங்கே யார் இருப்பார்கள்? காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி ஒன்பது மணிக்கு வருகிற ஜனம். பத்துக் கதவிலும் பத்துப் பூட்டு. குடிமாறிப் போய்விட்டார்கள் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

இதைக் கேட்டதும் விஜயராணிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ரத்தினசாமியின் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சத்தம் போட்டாள்.

"சார், போலியோ சொட்டு மருந்துக்கு நாங்க போவம். வீடு பூட்டிக் கெடந்தா கதவுல சாக்பீஸால ஒரு பெருக்கல் குறி போடுவம். போட்டா அந்த வீட்டை விட்டுட்டு வர முடியாது. மறுநா போவணும். இல்லன்னா அதுக்கு மறுநா. பிள்ளை வாயில ரெண்டு சொட்டு விழுந்த பொறவுதான் அந்தக் குறியை அடிக்கலாம். ரெண்டு சொட்டு மருந்துக்கு மூணு தடவ வாற அரசாங்கம், ஒரு மனுசனோட ஓட்டுக்கு இன்னொரு தடவ வரக் கூடாதா?"

"நாயமுங்கம்மா" என்றார் ரத்தினசாமி. "ஆனா நான் வெறும் மேசையிலதானுங்க உக்காந்திருக்கறேன்."

இனி உள்ளூர்க்காரர்களிடம்தான் போக வேண்டும். போனாள். தோட்டம் வைத்திருக்கிறவர்கள், தறி வைத்திருக்கிறவர்கள், கம்பெனி வைத்திருக்கிறவர்கள். எந்த வீட்டிலும் வாசலில் நிற்க வைத்துப் பேசவில்லை. வாங்க நர்சம்மா, உக்காருங்க நர்சம்மா, மோர் குடிங்க, இளநி வெட்டட்டுங்களா, எங்க பாப்பாவுக்கு நீங்க போட்ட ஊசிதானுங்க. எல்லாம் சரி. தாளை நீட்டினால், "பாக்கலாமுங்க."

அந்தச் சீமையில் யாரும் யார் முகத்துக்கு நேராகவும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். அத்தனை மரியாதை. பாக்கலாமுங்க என்றால் ஆகாது என்று அர்த்தம். அதுவும் சிரித்துக்கொண்டே சொன்னால் நிச்சயமாக ஆகாது. வந்த ரெண்டாவது மாசமே விஜயராணி அதைக் கற்றுக்கொண்டுவிட்டாள். ஓட்டு ரகசியம், கையெழுத்து ரகசியமில்லை. நாளைக்கு அந்தத் தாள் அலுவலகச் சுவரில் தொங்கும், ஜெயிக்கப் போகிறவர் படிப்பார். கரண்டுக்கும் தண்ணிக்கும் லைசென்ஸுக்கும் அவர் வாசலில்தான் போய் நிற்க வேண்டும். அவ்வளவு பயம் காரும் பங்களாவும் வைத்திருக்கிறவர்களுக்கு.

காரும் பங்களாவும் இல்லாதவர்கள் போட்டார்கள். பதினான்கு கிலோமீட்டர் தள்ளி ஒரு குடியிருப்பு. அங்கே நல்லான் என்று ஒருவர், வெங்காயக் காட்டில் கூலி வேலை. எங்கும் குடிபோகாத ஜனம், ஓட்டு பத்திரமாக இருந்தது. "நர்சம்மாளுக்கு இல்லாததுங்களா" என்று அவரே தெருவில் நடந்து தன்னையும் சேர்த்து ஒன்பது பேரைத் திரட்டினார். மிச்சமும் சேர்த்திருப்பார். விஜயராணிதான் போதும் என்றாள்.

"பத்தாவது ஆளு வீட்டுலயே இருக்காவ" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வந்து, கருவாட்டுக் குழம்பும் சோறும் போட்டு, அவன் தின்னும்போது சொன்னாள். "உங்க பேரைத்தான் கடைசியா போட்டிருக்கேன். பட்டியல்ல என் நம்பருக்கு அடுத்த நம்பர்தான உங்களுக்கு. அட்டைய மட்டும் மறக்காம எடுத்து வைங்க."

ஜெபக்குமார் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அவனுக்கும் ஓட்டு இங்கே இல்லை. ஆறு வருஷத்துக்கு முந்தி அவன் அண்ணன் ஊரில் வார்டு மெம்பருக்கு நின்றான். "எல, உன் ஓட்டை இங்க மாத்து. ஒரு ஓட்டுன்னாலும் ஓட்டுதாம்ல" என்றான். இவனும் ஒரு எட்டு போய் எழுதிக் கொடுத்து மாற்றிவிட்டான். அண்ணன் மூன்று ஓட்டில் ஜெயித்தான். சபைக்கோயில் அசன விருந்தில் இவனை முன்வரிசையில் உட்கார வைத்து, "இவன் ஓட்டுலதான் நான் ஜெயிச்சேன்" என்று எல்லோருக்கும் காட்டினான். அந்த ஒரு நாள் சுகத்துக்காக ஆறு வருஷமாக, ஓட்டு நாள் வந்தால் ஏதாவது கல்யாணம், காதுகுத்து என்று பொய் சொல்லிவிட்டு ஊருக்குப் போய் வருகிறான். அவள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல அவனுக்குத் தெம்பில்லை. வெட்கங்கெட்ட மனுஷன், "சரி" என்று சொல்லிவிட்டு இன்னொரு கை ரசம் வாங்கிக்கொண்டான்.

மறுநாள் காலையில் அவனாக ஒரு வழி கண்டுபிடித்தான். முதலாளி திருமூர்த்தியிடம் போனான். இருபது வருஷம் அவர் கம்பெனியில்தான் வெட்டுகிறான். அவரும் மாஸ்டர் மாஸ்டர் என்று தோளில் கை போடுகிறவர்.

"ஏனுங்க மாஸ்டர், நின்னுட்டே பேசறீங்க? உக்காருங்க. செல்லாத்தா, மாஸ்டருக்கு ஒரு தட்டுப் போடு."

அவர் சம்சாரம் செல்லாத்தாள் அரிசிம்பருப்புச் சோறு கொண்டுவந்து வைத்தாள். நெய் வாசனை மூக்கைத் துளைத்தது.

"எங்க வீட்டுக்காரி நிக்கா மொதலாளி."

"கேள்விப்பட்டனுங்க. நெம்ப சந்தோசமுங்க. எங்க பையன் நித்தீசுக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப பதினஞ்சு நாளும் சிஸ்டருதானுங்க வந்து பாத்தாங்க. அதையெல்லாம் மறக்க முடியுங்களா?"

"ஒரு கையெழுத்து வேணும். பத்தாவது ஆளு குறையுது. உங்க ஓட்டு இங்கனதான இருக்கு."

திருமூர்த்தி மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"கையெழுத்துங்களா? அதுக்கென்னங்க மாஸ்டர். பாக்கலாமுங்க."

"நாளைக்கழிச்சு கடைசி நாளு. ரெண்டு மணிக்குள்ள வந்துரணும்."

"வந்தாப் போச்சுங்க. நீங்க ரோசனை பண்ணாம சாப்புடுங்க. பாக்கலாமுங்க."

செல்லாத்தாள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். இன்னும் ஒரு கரண்டி நெய்யை அவன் சோற்றில் ஊற்றிவிட்டு உள்ளே போனாள். பாவம் பார்த்து ஊற்றின நெய் அது. முப்பத்து மூன்று வருஷம் இந்த ஊர்த் தண்ணீர் குடித்தவனுக்கு அதுவும் புரியவில்லை. முதலாளி ரெண்டு தடவை சொல்லிவிட்டார், வேலை முடிந்தது என்று ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தான். விஜயராணியிடம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்று நினைத்தான். அலுவலகத்தில் முதலாளி வந்து நிற்பார், இவன் ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்வான்.

கடைசி நாள். பங்குனி வெயில். தேர்தல் அலுவலகத்து வாசலில் தார் உருகி செருப்பில் ஒட்டியது. நல்லானும் மற்ற எட்டுப் பேரும் ஒரு குட்டியானை வண்டியில் காலையிலேயே வந்துவிட்டார்கள். எழுதத் தெரிந்தவர்கள் முன்னமே போட்டுவிட்டார்கள். எழுதத் தெரியாதவர்கள் ரேகை வைக்க வேண்டும், அதை அதிகாரி கண் முன்னால் வைக்க வேண்டும். நல்லானும் அவர் பெண்டாட்டியும் உள்ளே போய் வைத்துவிட்டு வந்தார்கள். பாதி நாள் கூலி போனது போனதுதான், மிச்சத்துக்காவது களைக்கொத்து பிடிக்கலாம் என்று அத்தனை பேரும் அதே வண்டியில் ஊருக்குத் திரும்பினார்கள்.

ஜெபக்குமார் வேப்பமரத்தடியில் நின்று திருமூர்த்திக்குப் போன் போட்டான். அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. மறுபடி போட்டான். பத்துத் தடவை போட்டான்.

ஒன்றரைக்கு ராகுகாலம் முடிந்ததும் வேட்டு வெடித்தது. ஆளுங்கட்சியிலும் எதிர்க்கட்சியிலும் மாறி மாறி இருந்த ஒரு பெரிய மனுஷர்தான் அந்தத் தொகுதியின் எம்.எல்.ஏ. மறுபடியும் நிற்கிறார். மேளம், கொடி, ஜீப். பக்கத்தில் கட்சித் துண்டு போட்டுக்கொண்டு, கூட்டத்தைக் கையால் விலக்கி வழி பண்ணிக்கொண்டு திருமூர்த்தி வந்தார். வேட்பாளரோடு நாலு பேர்தான் உள்ளே போகலாம். அந்த நாலில் ஒருவராக அவரும் படியேறிப் போனார். இவனைப் பார்த்தாரோ என்னவோ.

அப்போதுதான் ஜெபக்குமாருக்கு அந்தப் பாக்கலாமுங்க புரிந்தது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, விஜயராணி நின்ற விசாரணை மேசைக்குப் போனான்.

"மாஸ்டர், அட்டையக் குடுங்க. நம்பரு எழுதிப் போடலாம்" என்றார் ரத்தினசாமி, மேசையில் பட்டியலை விரித்துக்கொண்டு.

"இவுக நம்பர் எனக்கு அடுத்தது சார். என்னது அறுநூத்திப் பன்னெண்டு, இவுகளது பதிமூணு" என்றாள் விஜயராணி.

"பதிமூணுல வேற ஒரு அம்மா பேரு இருக்குதுங்களே."

"நல்லாப் பாருங்க சார்."

"பாக்க வேண்டாம் சார்" என்றான் ஜெபக்குமார். "ராணி, எனக்கு இங்க ஓட்டு இல்ல. ஊருக்கு மாத்திட்டேன். அண்ணன் நின்னாம்லா, அப்ப."

  விஜயராணி கையிலிருந்த தாளை மேசையில் வைத்து, பறக்காமல் அதன் மேல் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஆறு வருசமா?"

"ஆமா."

"காதுகுத்துன்னு போனியளே, அது?"

"ஓட்டுப் போட."

"சீ!" என்றாள். வாசலில் நின்ற போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார். "அருண்பாண்டிய நான் ஏசினேன். இருபத்தஞ்சு வயசுப் பய, அவன் நின்னு கேட்டுக்கிட்டான். என் வீட்டுக்குள்ள, என் பக்கத்துல உக்காந்து, நான் போட்ட சோத்தைத் தின்னுக்கிட்டு நீங்க வாய மூடிட்டு இருந்திருக்கிய! உங்க அண்ணன் ஊர்ல மெம்பராவ ஒரு ஓட்டு உண்டு. எனக்கு ஒரு கையெழுத்து இல்ல. நான் என்ன கழுத்துல போட செயினா கேட்டேன்? ஒரு சாவி கேட்டு இங்க வந்து நிக்கேன். அந்தப் பிள்ளை அழல, தெரியுமா உங்களுக்கு? நான் ஊதுதேன், ஊதுதேன், அது அழவே இல்ல. கையெழுத்துக் கேட்டுப் போன வீட்டுலயும் ஒரு பயலும் எனக்கு வாயத் தொறந்து நேரா ஒண்ணு சொல்லல. இன்னைக்கு நீங்களும் சொல்லல."

ஜெபக்குமார் தலை குனிந்து நின்றான். கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத் துடைக்கக்கூட அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"அம்மா, மணி ரெண்டு ஆகப் போகுதுங்க" என்றார் ரத்தினசாமி மெதுவாக. "மூணு மணிக்குள்ள இன்னொருத்தரு வந்தாலும் ஆகுமுங்க. இந்தத் தொகுதியில ஓட்டு இருந்தாப் போதுமுங்க."

நல்லான் ஊருக்குப் போய்த் திரும்ப நேரம் இல்லை. விஜயராணி நாலு பக்கமும் பார்த்தாள். நூறு மீட்டர் தள்ளிக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருபது பெண்கள் வரிசையாக நின்றார்கள். எல்லோருக்கும் ஒரே நிறக் கட்சிச் சேலை, கையில் ஆரத்தித் தட்டு. வேட்பாளர் மனுக் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது சுற்ற வேண்டும் என்று வேனில் கூட்டி வந்து வெயிலில் நிறுத்தியிருந்தார்கள்.

"அத்தனையும் இந்தத் தொகுதி ஓட்டு" என்றாள் விஜயராணி. "ஓட்டு இல்லாதவளுக்கு அவனுவ சேலை எடுத்துக் குடுக்க மாட்டானுவ." விறுவிறுவென்று நடந்தாள். ஜெபக்குமார் பின்னாலேயே ஓடினான்.

வரிசையில் முக்கால்வாசிப் பேரை அவளுக்குத் தெரியும். ஒவ்வொருத்தியாகக் கேட்டுக்கொண்டே போனாள்.

"வேண்டாங்க நர்சம்மா, வண்டியில கூட்டியாந்திருக்காங்க."

"எங்கூட்டுக்காரரு கொன்னுபோடுவாருங்க."

"அக்கட்டால போங்க நர்சம்மா, யாராச்சும் பாத்தா எங்களுக்குத்தானுங்க சிரமம்."

வரிசை தீர்ந்துகொண்டே வந்தது. கடைசிக்கு முந்தின ஆள் ஞானாம்பாள். திருமூர்த்தி கம்பெனியில் தைத்த துணியில் பிசிர் நூல் வெட்டுகிறவள், நாற்பத்தைந்து வயது இருக்கும். இவள் கேட்பதற்கு முன்னாலேயே அவள் கேட்டாள்.

"எழுதத் தெரியாதுங்களே, பரவால்லீங்களா?"

"ரேகை போதும்மா. அதிகாரி முன்னால வைக்கணும்."

"அப்பிடீன்னா வாரனுங்க. ஆனா இந்தத் தட்ட என்ன பண்றது? கரைச்ச ஆரத்தியைக் கீழ வெக்கக் கூடாதுங்க."

பக்கத்துப் பெண்ணுக்கு ஏற்கனவே ரெண்டு கையிலும் தட்டு. மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தொட்டால் தாங்களும் சேர்ந்ததாக ஆகிவிடுமோ என்று பயம்.

"எங்கிட்ட குடுங்க" என்றான் ஜெபக்குமார்.

விஜயராணி தட்டை வாங்கி அவன் கையில் வைத்தாள். "இதையாவது ஒழுங்காப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு, ஞானாம்பாளின் கையைப் பற்றிக்கொண்டு கயிற்றுக்குக் கீழே குனிந்து நுழைந்து போனாள்.

சபைக்கோயிலில் காணிக்கைப் பை தவிர வேறு எதையும் பிடித்து வழக்கமில்லாதவன், குங்குமக் குழம்புத் தட்டோடு அத்தனை பெண்களுக்கு நடுவில் நின்றான். "மாஸ்டர், பூவும் வெச்சுக்கறீங்களா?" என்று ஒருத்தி கேட்க, அந்த வெயிலிலும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவன் சிரிக்கவில்லை. தட்டில் ஒரு சொட்டு சிந்தாமல் பார்த்துக்கொண்டு நின்றான். வியர்வை கண்ணில் இறங்கியது. மணி ரெண்டேகால் ஆனது, ரெண்டு முப்பத்தைந்து ஆனது.

முதலில் வெளியே வந்தது வேட்பாளர். மேளம் முழங்கியது. கேமராக்காரர்கள் ஓடினார்கள். பின்னால் வந்த திருமூர்த்தி இவனைப் பார்த்து ஒரு கணம் திகைத்து, உடனே சிரிப்பை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார்.

"அட, நம்ம மாஸ்டரு! நீங்களே இந்தப் பக்கம் வந்துட்டீங்களா? நெம்ப சந்தோசமுங்க. தட்டெல்லாம் புடிச்சுட்டு!"

"இது என் தட்டு இல்ல மொதலாளி."

"பின்ன?"

"அது எம்பட தட்டுங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ஞானாம்பாள் கயிற்றுக்கடியில் குனிந்து வந்து நிமிர்ந்தாள். அவள் பெருவிரல் முழுக்க ஊதா மை. இன்னும் ஈரம் காயவில்லை. அவளுக்குப் பின்னாலேயே விஜயராணியும் வந்தாள், கையில் மனு வாங்கிக்கொண்டதற்கான சீட்டு.

ஞானாம்பாள் தட்டை வாங்கினாள். "கூட்டியாந்த வேலைய முடிச்சுப் போடறனுங்க" என்று வேட்பாளருக்கு மூன்று சுற்றுச் சுற்றினாள். பெருவிரலைக் குழம்பில் தோய்த்து அவர் நெற்றியில் அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தாள். சிவப்போடு ஊதாவும் சேர்ந்து, புருவத்திலிருந்து மயிர் வரைக்கும் ஏறியது. அவர் கண்ணை மூடிப் பவ்வியமாகக் கும்பிட்டார். கேமராக்காரர்கள் படம் எடுத்தார்கள்.

திருமூர்த்தி அந்த நெற்றியைப் பார்த்தார். ஞானாம்பாளின் விரலைப் பார்த்தார். விஜயராணியின் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே இருந்தது, அதை என்ன செய்வது என்று அவருக்கே தெரியவில்லை.

"ஆமாங்க மொதலாளி, நர்சம்மாளுக்கு ரேகை வெச்சது நாந்தானுங்க" என்றாள் ஞானாம்பாள். "எம்பட புள்ளைங்க மூணும் அந்த ரூம்புலதானுங்க பொறந்துச்சு. எம்பட மருமகளுக்கு இது ஏழாவது மாசமுங்க. நாளைக்கு நான் வேலைக்கு வரட்டுங்களா, வேண்டாங்களா?"

மேளக்காரன் நிறுத்திவிட்டான். வரிசையில் இருந்த பெண்கள் தட்டை இடுப்போடு அணைத்துக்கொண்டு அவரையே பார்த்தார்கள். வேட்பாளர் ஒன்றும் கேளாதவராக ஜீப்பில் ஏறி, நெற்றியில் மையோடு கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே நகர்ந்தார். கூட வந்தவர்களில் ஒருவருக்கும் அந்த மையைப் பற்றி அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. திருமூர்த்தியும் ஜீப் பின்னால் போகத்தான் திரும்பினார். ஜெபக்குமார் குறுக்கே போய் நின்றான்.

"கேக்காவள்லா மொதலாளி" என்றான். "நேரா ஒண்ணு சொல்லிட்டுப் போங்க."